காரில் வேறு ஏர் இன்டேக் மாட்டுவது எவ்வளவு கஷ்டம்? சேலம், ஏற்காடு கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடை கவுன்டரில் நிற்பவன் நான். ஏர் ஃபில்டர் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பில் போடுவதற்குள், "இதுக்குப் பதிலா அந்த இன்டேக் கிட் மாட்டினா என்ன?" என்று பேச்சை எடுத்துவிடுவார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். இது கார்களுக்கு மட்டும். பைக் சங்கதி வேறு.

"அண்ணா, ஏர் இன்டேக்னா ஏர் ஃபில்டர் தானுங்களே? அதுல மாத்துறதுக்கு என்ன இருக்கு?"

ஃபில்டர் அதில் ஒரு பாகம். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் வாயில் தொடங்கி, பிளாஸ்டிக் பாக்ஸ், அதற்குள் ஃபில்டர், அப்புறம் ரப்பர் குழாய், காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டு என்று என்ஜினுக்குக் காற்று போகும் பாதை முழுவதும் சேர்ந்ததுதான் இன்டேக். வழியில் சத்தத்தை அடக்க ஒரு ரெசனேட்டர் டப்பாவும், காற்றின் அளவையும் வெப்பத்தையும் பார்க்கும் சென்சார்களும் இருக்கும்.

கடையில் கிடைப்பது மூன்று வகை. கம்பெனி பாக்ஸ் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பேப்பர் ஃபில்டருக்குப் பதிலாகக் கழுவிப் போடும் ஃபில்டரை வைப்பது பேனல். பாக்ஸைத் தூக்கிவிட்டு, குட்டைக் குழாயில் ஒரு கூம்பு ஃபில்டரை பானட்டுக்குள்ளேயே மாட்டுவது ஷார்ட் ரேம். நீளக் குழாய் போட்டு, அந்தக் கூம்பை பம்பருக்குப் பின்னால் ஃபாக் லேம்ப் பக்கம் இறக்குவது கோல்டு ஏர். கீழே எல்லா இடத்திலும் இந்தப் பெயர்களையே சொல்கிறேன்.

"வீட்டு வாசல்ல வெச்சு நானே மாட்டிக்க முடியுங்களா, இல்ல மெக்கானிக்கிட்டதான் போகணுமா?"

பேனல் என்றால் நீங்களே மாட்டலாம். பாக்ஸின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளையோ ஸ்குரூக்களையோ கழற்றி, பழையதை எடுத்து, புதியதை அதே பக்கம் பார்த்து வைத்து மூடினால் முடிந்தது. கால் மணி நேர வேலை. ஷார்ட் ரேமுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை என்றால் அதுவும் முடியும்.

கோல்டு ஏர் அப்படியில்லை. பல வண்டிகளில் முன் பம்பரை இறக்க வேண்டும், வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைக் கழற்ற வேண்டும். பழக்கமில்லாதவருக்கு அரை நாள் போய்விடும். பம்பர் கிளிப் இரண்டு உடைந்தாலே திரும்ப மாட்டும்போது கோடு சேராது. இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஆனால் ஒன்று. நட்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுவதை வைத்து மட்டும் 'சுலபம்', 'கஷ்டம்' என்று முடிவு செய்யாதீர்கள். குழாய் மாட்டுவதைவிட, சென்சார் சரியாக உட்காருவதும், எங்கேயும் காற்று கசியாமல் இருப்பதும், ஃபில்டரின் வாய் எந்த இடத்துக் காற்றை இழுக்கிறது என்பதும்தான் உண்மையான வேலை. என்னிடம் குறையோடு வருகிற வண்டிகளில் போல்ட் இறுகாத வண்டி குறைவு. இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காத வண்டிதான் அதிகம்.

"என்னென்ன டூல்ஸ் வேணும்?"

8, 10, 12 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு, பிளாட் மற்றும் ஸ்டார் ஸ்குரூடிரைவர், ஸ்பிரிங் கிளிப்பைப் பிடிக்க ஒரு பிளேயர். விழுந்த நட்டை எடுக்க நுனியில் காந்தம் வைத்த குச்சி ஒன்று இருந்தால் புண்ணியம். கோல்டு ஏர் என்றால் கூடவே ஜாக்கியும் ஸ்டாண்டும் வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

"ஒரிஜினல் பாக்ஸைக் கழட்டும்போது எங்க சிக்கும்?"

முதலில் என்ஜின் நன்றாக ஆறட்டும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக வையுங்கள். எதையும் கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோஸ் எதில் போனது என்று ஒரு மணி நேரம் கழித்துத் தேடும்போது அந்தப் போட்டோதான் கைகொடுக்கும்.

முதலில் சிக்குவது சென்சார் கனெக்டர். அதன் பூட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு. அஞ்சாறு வருஷம் என்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். ஒயரைப் பிடித்து இழுத்தால் நாக்கு உடையும், சில நேரம் ஒயரே பிய்ந்து வரும். நாக்கைக் கட்டை விரலால் அழுத்தி, கனெக்டரின் உடம்பைப் பிடித்து, ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டுப் பின்னால் இழுங்கள். தூசி அடைத்து அசையவில்லை என்றால் ஊதித் தூசியைக் கிளப்பிவிட்டு மறுபடி முயலுங்கள்.

அடுத்தது, பாக்ஸுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ரப்பர் புஷ். எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் பாக்ஸ் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டே இருந்தால், இன்னொரு போல்ட் இருக்கிறது என்று தேட வேண்டாம். நிறைய வண்டிகளில் அடியில் ஒரு முளை இந்த ரப்பருக்குள் சொருகியிருக்கும். நேர் மேலே தூக்கினால் 'பொளக்' என்று வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினால் முளை முறியும், அப்புறம் கம்பெனி பாக்ஸை எப்போதுமே சரியாக மாட்ட முடியாது.

மூன்றாவது, என்ஜினின் மேல்மூடியான வால்வு கவரிலிருந்து வந்து இன்டேக் குழாயில் சேரும் பிரீதர் ஹோஸ். புதுக் குழாயில் அதற்கு ஒரு வாய் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். வாய் இல்லாத கிட்டை மாட்டிவிட்டு, ஹோஸை அப்படியே தொங்க விட்டிருக்கும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதன் வழியாக வடிகட்டாத காற்று நேராக என்ஜின் ஆயில் இருக்கும் இடத்துக்குப் போகிறது. குழாயைத் திறந்த பிறகு, த்ராட்டில் பாடியின் வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் செலவு லட்சத்தில் போகலாம்.

"கிட் பெட்டியில 'எல்லா காருக்கும் பொருந்தும்'னு போட்டிருக்கே. நம்ம வண்டிக்கு ஒத்து வருமா?"

குழாயில் போய் உட்காரும். அது பொருந்துவது ஆகாது. உங்கள் என்ஜின் காற்றை எப்படி அளக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஃபில்டரைத் தாண்டியதும் குழாயிலேயே ஏர் ஃப்ளோ சென்சார் உட்கார்ந்து, ஓடும் காற்றை நேராக அளப்பது ஒரு வகை. மேனிஃபோல்டில் மேப் சென்சார் வைத்து, அங்கிருக்கும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கொண்டு காற்றின் அளவைக் கணக்குப் போடுவது இன்னொரு வகை. நம்மூரில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான்.

ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் குழாயின் விட்டம் உயிர்நாடி. அந்தச் சென்சார் தன்னைத் தொட்டுப் போகும் காற்றை மட்டும் பார்த்து, மொத்தக் காற்று இவ்வளவு என்று கணக்கு சொல்கிறது. 60 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 70 மி.மீ. குழாய் போட்டால் குறுக்குப் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும். அதே காற்று அங்கே கால் பங்குக்கு மேல் மெதுவாகப் போகும். சென்சார் 'காற்று குறைந்துவிட்டது' என்று சொல்ல, என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு. அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்கும். அதனால் சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டம் கம்பெனி அளவிலேயே இருக்கும், உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட்டை மட்டும் வாங்குங்கள். சென்சாரின் அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். வளைவை ஒட்டியோ, கூம்பின் கழுத்தை ஒட்டியோ அது இருந்தால் காற்று சுழன்று, ரீடிங் ஆடும்.

மேப் சென்சார் வண்டியில் விட்டம் இவ்வளவு தொல்லை தராது. ஆனால் காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சின்ன சென்சார் பழைய பாக்ஸில் இருந்திருந்தால், அதற்குப் புதுக் குழாயில் இறுக்கமான இடம் வேண்டும்.

"மாட்டின மறுநாளே செக் என்ஜின் லைட் எரியுது. கிட் டூப்ளிகேட்டா?"

அவசரப்பட்டுக் கிட்டைக் குறை சொல்ல வேண்டாம். இ.சி.யு.வில் பதிந்த குறையைக் காட்டும் ஓ.பி.டி. ஸ்கேனரில் குறியீட்டு எண் என்ன என்று பாருங்கள். பி0113 என்றால் வெப்ப சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம், அல்லது ஒயர் விட்டிருக்கலாம். பி0101, பி0102 என்றால் ஏர் ஃப்ளோ சென்சாரின் பக்கம். பி0171 என்றால் கலவையில் காற்று கூடிப்போயிருக்கிறது: சென்சாரைத் தாண்டிய இடத்தில் எங்கோ கசிவு, அல்லது மேலே சொன்ன விட்டப் பிரச்சினை.

கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலிக்கான் இணைப்பு குழாயின் மேல் போதுமான அளவு ஏறியிருக்க வேண்டும். கிளிப்பு விளிம்பின் மேல் உட்காராமல் உள்ளே தள்ளி உட்கார வேண்டும். குழாயைக் கையால் திருகினால் சுழலக் கூடாது. அந்த இறுக்கம் போதும். அதற்கு மேல் முறுக்கினால் கிளிப்பின் புரி போய்விடும். குழாயில் ஒன்றுமில்லை, ஃபில்டர் எண்ணெய் தடவிய பருத்தி வகை என்றால் ஏர் ஃப்ளோ சென்சாரின் கம்பியில் எண்ணெய் படிந்திருக்கலாம். அதற்கென்று விற்கும் சென்சார் கிளீனர் ஸ்பிரேயை மட்டும் அடியுங்கள். பஞ்சால் துடைக்கப் போனால் கம்பி அறுந்துவிடும்.

குறையைச் சரி செய்யாமல் லைட்டை மட்டும் அழித்துக் கொடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

"பத்து எச்.பி. ஏறும்னு சொல்றாங்களே, நிஜமா?"

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் ஏறாது. ஒன்றிரண்டு எச்.பி. கிடைத்தால் பெரிய விஷயம், பல நேரம் அதுவும் இல்லை. சுத்தமான பேப்பர் ஃபில்டரே காற்றை அப்படியொன்றும் தடுப்பதில்லை. பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டும்போது காற்றைத் தடுத்து வைப்பது த்ராட்டில் தட்டுதான். ஃபில்டரை மாற்றி அதை ஒன்றும் செய்ய முடியாது. டர்போ வண்டியில், இ.சி.யு. ரீமேப்பும் (அதன் புரோகிராமை மாற்றுவது) எக்ஸாஸ்ட் வேலையும் சேர்த்துச் செய்யும்போது இன்டேக்குக்கு ஒரு பங்கு உண்டு.

என் எண்ணத்தைக் கேட்டால்: சேலத்துக்குள் ஓடி, வாரக் கடைசியில் ஏற்காடு போய் வருகிற வண்டிக்குக் கம்பெனி பாக்ஸும், நேரத்துக்கு மாற்றிய பேப்பர் ஃபில்டரும் போதும். ஆசைக்கு வேண்டுமென்றால் பேனல் போடுங்கள். விற்பவனாக எனக்கு கிட் விற்றால்தான் காசு அதிகம், ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

"ஏற்காடு ஏறும்போது வண்டி மூச்சு வாங்குதுங்க. இன்டேக் மாத்தினா சரியாகுமா?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, இதில்தான் ஏமாற்றமும் அதிகம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்ச் சேரும்போது, காற்றழுத்தம் சேலத்தில் இருந்ததைவிட 14 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும். மேலே குளிர்ச்சி இருப்பதால் கொஞ்சம் ஈடாகும். கீழே 35 டிகிரி, மேலே 26 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால், காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைவு. சேலத்தில் 80 எச்.பி. தரும் டர்போ இல்லாத என்ஜின் ஏற்காடு ஏரிக்கரையில் 71 பக்கம்தான் தரும். மலையே எடுத்துக்கொண்ட அந்த ஒன்பது எச்.பி.யை எந்தக் கூம்பு ஃபில்டராலும் திருப்பித் தர முடியாது. டர்போ வண்டிக்காரர்கள் இதை அவ்வளவாக உணர மாட்டார்கள். டர்போ கூடுதலாகச் சுழன்று, குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டிவிடும்.

போதாததற்கு, ஷார்ட் ரேம் மலையில் நிலைமையை மோசமாக்கலாம். ஏற்றத்தில் வேகம் 20, 30 கி.மீ.தான், என்ஜினோ முழு மூச்சில் உழைக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூடான காற்று பானட்டுக்குள்ளேயே சுற்ற, அதையே ஃபில்டர் இழுக்கும்.

வண்டி உண்மையிலேயே மூச்சு வாங்கினால் வேறு இடத்தில் பாருங்கள்: தூசி அடைத்த ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், தேய்ந்த கிளட்ச், காற்று குறைந்த டயர். முக்கியமாக கியர். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு, தேவைப்பட்டால் முதலாவதுக்கு வந்துவிடுங்கள். வளைவின் நடுவில் மூன்றாவதில் இழுத்தால் எந்தச் சின்ன என்ஜினும் திணறும்.

"மைலேஜ் கூடுமா?"

கூடாது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் வரும் காற்றுக்குத் தக்க பெட்ரோலை இ.சி.யு. அளந்து விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்துச் சோதித்தபோதுகூட, இன்ஜெக்ஷன் வண்டிகளின் மைலேஜில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை, பிக்அப்தான் அடிவாங்கியது. புதுச் சத்தம் கேட்கிற ஆசையில் கால் கூடுதலாக அழுத்தும், அதனால் மைலேஜ் குறைந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

"மே மாச வெயில்ல, டிராஃபிக்ல நின்னா ஷார்ட் ரேம் என்ன ஆகும்?"

மலைக்குச் சொன்ன அதே சூட்டுப் பிரச்சினை, இன்னும் கடுமையாக. வெளியே 40 டிகிரி இருக்கும் மதியம், நாலு ரோடு சிக்னலில் பானட்டுக்குள் காற்று 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 40-லிருந்து 60-க்குப் போனால் காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறையும். நீங்கள் வாங்கிய ஒன்றிரண்டு எச்.பி. அதிலேயே போய்விட்டது. கம்பெனி பாக்ஸ் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுப்பது இதற்காகத்தான்.

ஷார்ட் ரேம்தான் வேண்டும் என்றால் என்ஜின் சூட்டைத் தடுக்கும் தகடு, அதாவது ஹீட் ஷீல்டு, உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்தத் தகடு பானட்டின் அடியை ரப்பர் பட்டையோடு தொட்டு, என்ஜின் பக்கத்தை முழுதாக மறைக்க வேண்டும். கம்பெனி காற்று வாய் அந்தத் தடுப்புக்குள் திறந்திருக்க வேண்டும். அழகுக்கு நிற்கும் வளைந்த தகட்டால் பயனில்லை.

"அப்ப கோல்டு ஏர்தான் சரி, பம்பருக்குள்ள இறக்கிடலாமா?"

காற்று குளிர்ச்சியாகக் கிடைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஃபில்டர் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வந்துவிடுகிறது. புரட்டாசி, ஐப்பசி சாயங்காலங்களில் சேலத்தில் ஒரு மணி நேரம் கொட்டும் மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியிலும், பள்ளமான தெருக்களிலும் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபில்டர் முழுதாக முங்கினால் என்ஜின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் சுருங்காது, மேலே வரும் பிஸ்டன் அதில் மோத, கனெக்டிங் ராடு வளையும். என்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

சாரல், ரோட்டிலிருந்து தெறிக்கும் தண்ணீர், இவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது; முங்குவதுதான் ஆபத்து. தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். தள்ளி வெளியே கொண்டு வந்து, ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தினமும் தண்ணீர் தேங்கும் வழியில் போகிறவர் என்றால் கோல்டு ஏர் உங்களுக்கு வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

"எங்க வீடு கருப்பூர் பக்கம், காரெல்லாம் வெள்ளைத் தூசி. கழுவுற ஃபில்டர் தாங்குமா?"

மேக்னசைட் என்ற வெள்ளைத் தாது மண் உள்ள அந்தப் பக்கத்துக்கும், ஏற்காட்டு நாகலூர் மாதிரி எஸ்டேட் மண் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் நல்ல பேப்பர் ஃபில்டரை மிஞ்சுவது கஷ்டம். எண்ணெய் போட்ட பருத்தி ஃபில்டர் காற்றை எளிதாக விடும், ஆனால் பொதுவாகப் பேப்பர் அளவுக்கு நுண்தூசியைத் தடுக்காது. ஃபில்டர்களைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறையில் எத்தனை சதவீதம் தூசியைத் தடுத்தது என்று பெட்டியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் ஃபில்டரையே நம்புங்கள்.

கழுவும் ஃபில்டருக்கு 80,000 கி.மீ. வரை கவலையில்லை என்ற விளம்பரம் நல்ல தார் ரோட்டுக்கானது. நம் தூசியில் மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் திறந்து பாருங்கள். கழுவும்போது அதற்குரிய திரவத்தைத் தெளித்து ஊற வைத்து, சுத்தமான உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். நிழலில் காய வையுங்கள். ஏர் கம்பிரஸர் துப்பாக்கி, பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. காய்ந்ததும் ஒவ்வொரு மடிப்பிலும் ஃபில்டர் எண்ணெய் மெல்லிய கோடாக; சொட்டினால் அதிகம். என்ஜின் ஆயிலை ஊற்றிக் கொண்டு வருகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

"என்னோடது டீசல். அதுக்கும் இதே கதைதானா?"

பெரும்பாலும் ஆமாம், இரண்டு விஷயம் கூடுதல். டர்போ டீசல்களில் ஏர் ஃப்ளோ சென்சார் இருப்பது சகஜம், புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வை எவ்வளவு திறப்பது என்பதே அதன் ரீடிங்கைப் பார்த்துத்தான். ரீடிங் பிசகினால் கரும்புகை, இழுவைக் குறைவு, பி.எஸ். 6 வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் சீக்கிரம் அடைப்பது என்று தொடராக வரும். அடுத்து, ஃபில்டரைத் தாண்டிய தூசி முதலில் அடிப்பது லட்சக்கணக்கான சுற்றில் ஓடும் டர்போ விசிறியின் விளிம்பைத்தான். டீசலுக்கு நான் பேனலுக்கு மேல் எதையும் சொல்வதில்லை.

"பவர் வேண்டாங்க, அந்த உறுமல் சத்தம் மட்டும் போதும். தப்பா?"

தப்பில்லை. இன்டேக் மாற்றினால் நிச்சயமாகக் கிடைப்பது சத்தம்தான். ரெசனேட்டரும் பாக்ஸும் போனதும், 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது என்ஜின் காற்றை இழுப்பது காதில் விழும். அந்த ஆசையோடு வருகிறவர் ஹீட் ஷீல்டு உள்ள ஷார்ட் ரேமை வாங்கினால் ஏமாற மாட்டார். ஆனால் ஆஸ்பத்திரி பக்கம், ராத்திரியில் ஏற்காடு விடுதிகள் இருக்கும் ரோட்டில், கால் லேசாக இருக்கட்டும்.

"போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ், வாரண்டி... இதுல எதுல சிக்கல் வரும்?"

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஃபில்டர் விவரம் ஆர்.சி.யில் இல்லை, அதனால் பேனல் போட்டதற்கு யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. சத்தமும் புகையும் அளவைத் தாண்டினால் 190(2) பிரிவு வரும். மாட்டியதும் புகைச் சோதனை செய்து சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஷார்ட் ரேம், கோல்டு ஏர் இரண்டையும் எழுத்தில் தெரிவியுங்கள். தண்ணீர் புகுந்து என்ஜின் போன கேஸில் அவர்கள் முதலில் பார்ப்பது இன்டேக்கைத்தான். வாரண்டி முடியாத வண்டி என்றால் காத்திருங்கள். என்ஜின், சென்சார் சம்பந்தமான எந்தக் குறைக்கும் சர்வீஸ் சென்டர் உங்கள் கிட்டைத்தான் காட்டும்.

"கிட் எதுக்கு, கம்பெனி பாக்ஸ்லயே நாலு ஓட்டை போட்டா காற்று வராதா?"

வரும், சூடான காற்று. ஓட்டை ஃபில்டருக்கு முன்பக்கம் விழுந்தால் மேலே சொன்ன சூட்டுப் பிரச்சினையை நீங்களே வரவழைத்துக்கொண்டதாகும். கை தவறிப் பின்பக்கம் விழுந்தால் தூசி நேராக சிலிண்டருக்குள் போகும். பாக்ஸும் வீண். சத்தத்துக்காக இதைச் செய்கிறவர்கள் பழைய பாக்ஸ் ஒன்றை உடைப்புக் கடையில் வாங்கி, அதில் செய்து பாருங்கள்.

"மாட்டி முடிச்சாச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஏ.சி. போடாமல் பத்து நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள். பேட்டரி கழற்றியதால் ஐடிலிங் முதலில் கொஞ்சம் ஏறி இறங்கலாம், அது அடங்க வேண்டும். அடங்காமல் ஏறியே நின்றால் த்ராட்டிலுக்குப் பின்னால் ஏதோ ஹோஸ் கழன்றிருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு, பானட்டை மெதுவாக மூடி, குழாய் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். என்ஜின் ஆடும்போது குழாயும் ஆடும். பேட்டரி ஸ்டாண்டு, ஃபேன் ஷ்ரவுடு எதையும் தொடாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

அப்புறம் கன்னங்குறிச்சி மாதிரி ஊருக்குள் ஒரு சுற்று, பைபாஸில் ஒரு ஓட்டம். உடனே மலை ஏற வேண்டாம். ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் டிரிம், அதாவது இ.சி.யு. பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று பாருங்கள். நீண்ட கால டிரிம் பத்து சதவீதத்துக்குள் நின்றால் நிம்மதி. 500 கி.மீ. ஓடிய பிறகு குழாயைக் கழற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது என்ஜின் பக்கம், உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். விரல் நுனியில் தேய்த்தால் நறநறவென்று மண் தட்டினால், ஃபில்டரின் கழுத்தோ பேனலின் ரப்பர் விளிம்போ சரியாக உட்காரவில்லை. அதைச் சரி செய்யும் வரை வண்டியை ஓட்டாதீர்கள்.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டியில ஏற்கனவே கூம்பு மாட்டியிருக்கு. வெச்சுக்கலாமா, தூக்கிடலாமா?"

விற்றவரிடம் கம்பெனி பாக்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், ரெசனேட்டர், ரப்பர் புஷ், போல்ட் உட்பட எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பேரம் இன்னும் முடியாதபோது புதுப் பாக்ஸின் விலையை வண்டி விலையில் குறைக்கச் சொல்லலாம். அது ஒன்றும் சின்னத் தொகை இல்லை.

அப்புறம் மேலே சொன்ன வெள்ளைத் துணிச் சோதனையைச் செய்யுங்கள். பிரீதர் ஹோஸ் எங்கே போகிறது, வெப்ப சென்சார் குழாய்க்குள் இருக்கிறதா அல்லது டேப் சுற்றி வெளியே தொங்குகிறதா என்றும் பாருங்கள். துணியில் மண் வந்தால் கூம்பைத் தூக்கிவிட்டு, கம்பெனி பாக்ஸும் புதுப் பேப்பர் ஃபில்டரும் போடுங்கள். கூடவே என்ஜின் ஆயிலை மாற்றுங்கள். அந்தப் பழைய ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து, மண் தட்டுகிறது என்றால் சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை இன்னும் வாங்கவில்லை என்றால், இந்தச் சோதனைகளை முன்பணம் கொடுத்த பிறகு அல்ல, அதற்கு முன்பே செய்துவிடுங்கள்.